தம்பியின் மண்டையோட்டுச் சத்திரசிகிச்சை: அந்தக் கட்டுரை என்ன சொல்கிறது, ஆய்வுக்குக் கையெழுத்து வைக்கலாமா?

சாவகச்சேரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். தம்பிக்கு 26 வயது. கொடிகாமம் பக்கம் இரவில் மோட்டார் சைக்கிளில் வரும்போது மாடு குறுக்கே வந்து அடிபட்டுவிட்டார். மூளை வீக்கம் மருந்துக்கு அடங்காததால் மண்டையோட்டின் ஒரு பக்க எலும்பை எடுத்து சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். இப்போது மூன்று கிழமை. கண் திறக்கிறார், ஆனால் சொல்வது எதுவும் விளங்குவதாகத் தெரியவில்லை. இதற்குள் வீட்டில் இரண்டு பிரச்சினை. வாட்டில் ஓர் ஆய்வுக்கான சம்மதப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அம்மா "என்ர பிள்ளையை வைச்சுப் பரிசோதனை செய்யப் போகினமோ" என்று பயப்படுகிறார். கனடாவில் இருக்கும் மச்சான் ஓர் ஆய்வுக் கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இந்த ஒப்பரேஷன் செய்தவையிலதான் கூடப்பேர் நினைவில்லாமல் கிடக்கினம், ஏன் செய்ய விட்டனீங்கள்" என்று கேட்கிறாராம்.

தலைக்காய நோயாளிகளை வாட்டில் பார்ப்பதும், அவர்கள் வீடு போனபிறகு எப்படி இருக்கிறார்கள் என்று போனில் விசாரித்துப் பதிவதும் என் வேலையில் பெரும்பகுதி. தம்பியை நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு இன்னதுதான் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையெழுத்தைப் பற்றியும் கட்டுரையைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் கையெழுத்து. படிவத்தை எடுத்து ஒரு விஷயத்தைத் தேடுங்கள்: தம்பிக்குக் கொடுக்கும் சிகிச்சையில் ஏதாவது மாறுமா? சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாவது கிழமையில் கேட்கிறார்கள் என்றால் அநேகமாக அது கவனித்துப் பதியும் ஆய்வாகத்தான் இருக்கும். வழமையான சிகிச்சையே நடக்கும், விபரங்களைக் குறித்துக்கொள்வார்கள், ஆறு மாதம் கழித்து ஒரு போன் எடுப்பார்கள். மற்ற வகை, இரண்டு சிகிச்சைகளில் எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கும் ஆய்வு. அப்படியானால் படிவத்தில் அது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கவேண்டும். இரண்டு வகைக்கும் ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். குழுவின் பெயரும் அனுமதி இலக்கமும் படிவத்தில் இருக்கும். மாட்டேன் என்று சொல்லலாம். ஓம் என்று சொல்லிவிட்டு, பிறகு விலகவும் செய்யலாம். அதற்காகச் சிகிச்சையில் ஒரு குறையும் வைக்க முடியாது. அம்மாவுக்கு இதை வாட்டிலேயே வைத்து, ஆய்வு செய்பவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ஆறுதலாக இருந்து விளக்கப் பொறுமையில்லாத ஆளுக்குக் கையெழுத்து வைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

அம்மாவின் பயத்தை நான் சும்மா தள்ளிவிடவில்லை. ஆனால் தலைக்காயச் சிகிச்சையில் சரியான ஆய்வு செய்யாமல் இருந்ததாலும் ஆட்கள் செத்திருக்கிறார்கள். ஸ்டீரொயிட் கதையைக் கேளுங்கள். மூளைக் கட்டியைச் சுற்றி வரும் வீக்கம் ஸ்டீரொயிட் கொடுத்தால் வடியும். அது கண்ணால் பார்த்த உண்மை. அடிபட்ட மூளையும் வீங்குகிறதுதானே, அதற்கும் கொடுத்தால் என்ன என்று உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவந்தார்கள். சின்னச் சின்ன ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசின. கடைசியில் 1999இல் க்ராஷ் என்ற பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். 20,000 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 49 நாடுகளில் இருந்து 10,008 பேர் சேர்ந்த நிலையில் 2004இல் நிறுத்தவேண்டி வந்தது. ஸ்டீரொயிட் கொடுத்தவர்களில் இரண்டு கிழமைக்குள் 21.1 வீதம் பேர் இறந்திருந்தார்கள். மருந்தில்லாத வெறும் திரவம் கொடுத்தவர்களில் 17.9 வீதம். அதாவது நல்லது என்று நினைத்துக் கொடுத்த மருந்து, நூறு பேருக்கு மூன்று பேர் கணக்கில் கூடுதலாகக் கொன்றிருக்கிறது.

இதில் என்னை இன்றைக்கும் உறுத்துவது அந்த மூன்று வீதம்தான். ஒரு வைத்தியர் தன் சேவைக்காலம் முழுக்கப் பார்த்தாலும் 18க்கும் 21க்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படாது. பிழைத்தவர்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள், இறந்தவர்கள் காயத்தால் இறந்தார்கள் என்றே எழுதப்படும். "நான் கொடுத்துப் பார்த்திருக்கிறேன், நல்லா வேலை செய்யுது" என்று மனதாரச் சொல்லும் வைத்தியர் பொய் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானவர்களை எண்ணினால் மட்டுமே தெரிகிற உண்மை அது.

அந்தப் பட்டியல் ஸ்டீரொயிட்டோடு நிற்கவில்லை. உடலைக் குளிராக்கி மூளையைக் காப்பது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. பெரிய ஆய்வுகளில் கைகொடுக்கவில்லை. புரொஜெஸ்டரோன் ஹோமோனை 2014இல் இரண்டு பெரிய ஆய்வுகள் தள்ளிவிட்டன. அல்புமின் திரவம் ஏற்றப்பட்ட கடும் தலைக்காய நோயாளிகளில் சேலைன் ஏற்றியவர்களை விடக் கூடப்பேர் இறந்தார்கள். இந்தத் துறையில் ஆய்வுகள் தந்த பெரிய லாபமே, எதைச் செய்யக்கூடாது என்பதுதான்.

இனி மச்சான் அனுப்பிய கட்டுரை. நீங்கள் எழுதியிருந்த தலைப்பை வைத்துப் பார்த்தால் அது 2016இல் வந்த ரெஸ்கியூ ஐசிபி ஆய்வு. மூளை வீங்கும்போது மண்டையோடு விரிந்து இடம் கொடுக்காது. உள்ளே அமுக்கம் ஏறும், இரத்தம் போவது குறையும், அதனால் இன்னும் சேதம், இன்னும் வீக்கம். எல்லா மருந்தும் கொடுத்தும் அமுக்கம் இறங்காதவர்களில் ஒரு பகுதியினருக்கு எலும்பை எடுத்துவிடுவது, மற்றவர்களுக்கு மருந்தையே தொடர்வது என்று 408 பேரில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

ஆறு மாதத்தில், எலும்பு எடுத்தவர்களில் 26.9 வீதம் பேர் இறந்திருந்தார்கள்; மருந்தோடு விட்டவர்களில் 48.9 வீதம். கண் திறந்தும் உணர்வின்றிக் கிடப்பவர்கள் முதல் பிரிவில் 8.5 வீதம், மற்றதில் 2.1 வீதம். மச்சான் பார்த்தது இந்த இரண்டாவது வரியை மட்டும். வரி சரிதான், ஆனால் முதல் வரியோடு சேர்த்துத்தான் அதை வாசிக்கவேண்டும். நூறு பேருக்கு இந்தச் சத்திரசிகிச்சை செய்தால், செய்யாதிருந்தால் இறந்திருக்கக்கூடிய 22 பேர் பிழைக்கிறார்கள். அந்த 22 பேரில் 6 பேர் உணர்வில்லாத நிலையில், 8 பேர் வீட்டில் எந்நேரமும் ஒருவர் கூட இருக்கவேண்டிய நிலையில், மிச்சம் 8 பேர் குறைந்தது வீட்டுக்குள் தனியாகச் சமாளிக்கக்கூடிய நிலையில். ஆக, நடமாடியிருக்கக்கூடிய ஆளைப் படுக்கையில் போட்டது சத்திரசிகிச்சை என்று மச்சான் நினைப்பதுபோல அந்த எண்ணிக்கையை வாசிக்க முடியாது. படுக்கையில் இருக்கும் அந்த ஆட்களில் அநேகம் பேர் இல்லாவிட்டால் உயிரோடேயே இருந்திருக்க மாட்டார்கள்.

மச்சான் சொல்வதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. பழையபடி வேலைக்குப் போகும் அளவுக்கு நன்றாகத் தேறியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், சத்திரசிகிச்சைப் பிரிவில் 4 வீதம், மற்றதில் 6.9 வீதம். நன்றாகத் தேறியவர்களோடு ஓரளவு குறைபாட்டோடு சொந்தக்காலில் நிற்பவர்களையும் சேர்த்தால் 27.4, 26.6, வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். வீட்டுக்குள் தன் பாட்டைப் பார்ப்பவர்களையும் "நல்ல முடிவு" என்ற பெட்டிக்குள் சேர்த்தால்தான் சத்திரசிகிச்சை முன்னுக்கு வருகிறது. பன்னிரண்டாம் மாதத்தில் அந்தக் கணக்கு 45.4க்கு 32.4. "நல்ல முடிவு" எங்கிருந்து தொடங்குகிறது என்ற கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் விவாதமே. அதை ஆய்வாளர்கள் முன்கூட்டியே தீர்மானித்து எழுதித்தான் வைத்தார்கள். ஆனாலும் அந்தக் கோடு ஒரு குடும்பத்துக்குப் பொருந்துமா என்பது அந்தக் குடும்பம் எதை வாழ்க்கை என்று நினைக்கிறது என்பதைப் பொறுத்தது.

மருந்துப் பிரிவில் இருந்த 37 வீதம் பேருக்குப் பிறகு எலும்பு எடுக்கவேண்டி வந்தது என்பதையும் மச்சானுக்குச் சொல்லுங்கள். இதற்கு முன், 2011இல் வந்த டெக்ரா என்ற ஆய்வில், அமுக்கம் கொஞ்சம் ஏறியவுடனேயே அவசரப்பட்டு எலும்பு எடுத்தவர்களுக்கு முடிவு மோசமாக இருந்தது. 70 வீதம் பேர் மோசமான நிலையில், மருந்தோடு இருந்தவர்களில் 51 வீதம். ஆகவே, எலும்பு எடுப்பது நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் இல்லை. எப்போது எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று கேட்கவேண்டும். இரத்தக்கட்டியை அகற்றும்போதே எலும்பைத் திரும்ப வைக்காமல் விடுவது இன்னொரு வகை. அதற்கு 2023இல் வந்த வேறோர் ஆய்வு இருக்கிறது: 450 பேரில் எலும்பைத் திரும்ப வைத்தவர்களும் வைக்காதவர்களும் ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். தம்பிக்கு நடந்தது எந்த வகை என்பதை டொக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மச்சானோடு சண்டை பிடிக்க அந்த ஒரு வரி போதும்.

"வீட்டுக்குள் சமாளிக்கும் நிலை", "ஓரளவு குறைபாடு" என்றெல்லாம் எழுதினேனே, அதை அளப்பது எப்படி என்று தெரிந்தால்தான் இந்த எண்களுக்கு உயிர் வரும். காயத்தின் கடுமையை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1974இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேலும் ஜென்னற்றும் கொண்டுவந்தது. கண், பேச்சு, கை கால் அசைவு மூன்றுக்கும் புள்ளி போட்டு 3இல் இருந்து 15 வரை. அடுத்த வருடமே அதே ஜென்னற்றும் பொண்ட் என்பவரும், காயத்துக்குப் பிறகு வாழ்க்கை எப்படிப் போகிறது என்பதை அளக்க இன்னோர் அளவுகோலைத் தந்தார்கள். அதை விரிவாக்கிய எட்டுப்படி அளவுகோல்தான் இன்று பெரும்பாலான ஆய்வுகளில் பயன்படுகிறது. அதற்கு ஸ்கேனும் வேண்டாம், இரத்தமும் வேண்டாம். ஒரு போனும் சில கேள்விகளும் போதும்.

கேள்விகள் இப்படிப் போகும்: அன்றாட வேலைக்கு வீட்டில் ஒருவருடைய உதவி கட்டாயம் வேண்டுமா? எட்டு மணித்தியாலம் தனியாக விட்டுவிட்டுப் போகலாமா? கடைக்குத் தனியாகப் போய்ச் சாமான் வாங்க முடியுமா? தனியாகப் பயணம் செய்ய முடியுமா? பழைய வேலையை முன்புபோலச் செய்கிறாரா? வீட்டாரோடு, கூட்டாளிமாரோடு முன்போல் இருக்கிறாரா?

கேட்டுப் பார்த்தால்தான் தெரியும் எவ்வளவு சிக்கல் என்று. "கடைக்குத் தனிய போவாரா அம்மா?" என்பேன். "ஓம், போறவர்" என்பார். "நீங்கள் வீட்டில் இருப்பீங்களா அப்ப?" என்றால், "இல்லை ஐயா, நான் பின்னால போவன், அவருக்குத் தெரியாமல்" என்பார். அது தனியாகப் போவது அல்ல; அந்த ஒரு பதிலில் ஆள் ஒரு படி இறங்கிவிடுவார். எதிர்ப்பக்கமும் உண்டு. சில வீடுகளில் பொடியன் அடிபடுவதற்கு முன்பும் கடைப்பக்கம் போனதே இல்லை, எல்லாம் அம்மாதான். அங்கே "போவதில்லை" என்ற பதிலைக் காயத்தின் கணக்கில் எழுதக்கூடாது. முன்பு எப்படி, இப்போது எப்படி என்று இரண்டையும் கேட்கவேண்டும். பயணம் பற்றிய கேள்விக்கு "பஸ்சில் ஏற்றிவிட்டால் போவார்" என்பார்கள். எங்கே இறங்கவேண்டும் என்று தெரியுமா, மிச்சக்காசு சரியா என்று பார்ப்பாரா என்று கேட்டால் அந்தப் பக்கம் சத்தமில்லை. கோபத்தைப் பற்றிக் கேட்கும்போது மனைவிமார் போனை எடுத்துக்கொண்டு வளவுக்குள் போய்க் கதைப்பார்கள்.

இதனால்தான், "நோயாளி உயிரோடு வீடு போனார்" என்ற இடத்தில் கணக்கை மூடிவிடும் ஆய்வுகளை நான் பெரிதாக மதிப்பதில்லை. வைத்தியசாலையின் வாசலைத் தாண்டியபிறகுதான் இந்தக் காயத்தின் உண்மையான கணக்கு தொடங்குகிறது. அதை எண்ண ஆள் வேண்டும், நேரம் வேண்டும், முக்கியமாகப் போன் எடுக்கிற வீடு வேண்டும். எங்களிடம் பெரிய தலையிடியே இந்தக் கடைசி விஷயம்தான். கொடுத்த நம்பர் மாமாவின் நம்பராக இருக்கும். மாமா பிரான்சுக்குப் போயிருப்பார். சிம் மாறியிருக்கும். நன்றாகத் தேறியவர் வேலையில் இருப்பார், எடுக்க நேரமில்லை. இறந்துபோன ஆளின் வீட்டார் மனமொடிந்து எடுக்க மாட்டார்கள். கிடைப்பவர்கள் நடுவில் நிற்பவர்கள். அவர்களை மட்டும் வைத்துச் சராசரி போட்டால் அது யாருடைய கதையும் இல்லை.

அம்மாவிடம் சொல்லவேண்டியதும் இதுதான். நான் மேலே எழுதிய எண்கள் எல்லாம் அநேகமாக வேறு ஊர்களின் எண்கள். அங்கே நோயாளி எவ்வளவு நேரத்தில் வருகிறார், எத்தனை நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார், பிறகு எத்தனை மாதம் பயிற்சிச் சிகிச்சை கிடைக்கிறது என்பதெல்லாம் எங்களுடையதைப் போல இல்லை. க்ராஷ் ஆய்வின் நோயாளிகளை வைத்து, யாருக்கு என்ன வாய்ப்பு என்று கணிக்கும் ஒரு கணக்கு முறை 2008இல் வந்தது. அதில் பணக்கார நாடுகளுக்கு ஒன்றும் மற்ற நாடுகளுக்கு ஒன்றுமாக வெவ்வேறு சூத்திரம் போடவேண்டி வந்தது. (இணையத்தில் அது கிடைக்கிறது. மச்சான் தம்பியின் விபரத்தைப் போட்டுப் பார்க்கப் போகிறார்; வேண்டாம் என்று சொல்லுங்கள். அது அடிபட்ட முதல் சில மணித்தியால நிலையை வைத்துப் போடும் கணக்கு. மூன்றாம் கிழமைக்குப் பொருந்தாது.)

எங்கள் ஊர்க் கதை பல இடத்தில் தனிக்கதை, அதை இங்கேயே எண்ணினால்தான் தெரியும். நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமில ஊசியை 12,737 பேரில் சோதித்த க்ராஷ் 3 ஆய்வு 2019இல் வந்தது. அதில் கடுமையில்லாத, நடுத்தரக் காயக்காரருக்கு, மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தால், தலைக்காயத்தால் வரும் இறப்பு குறைந்தது. மிகக் கடுமையானவர்களில் பலன் தெரியவில்லை. 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் வரும் அம்புலன்ஸ் வடக்குக்கு 2018இல் வந்தபிறகு வலிகாமத்தில் இந்த மூன்று மணித்தியாலம் பெரிய விஷயமில்லை. நெடுந்தீவில் இரவில் பனையிலிருந்து விழுந்த ஆளை நினைத்துப் பாருங்கள். குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு ரோட்டு. அவருக்கு அந்த ஆய்வின் எண் என்ன சொல்லும்?

மொழியையும் சொல்லவேண்டும். கோமா அளவுகோலில் பேச்சுக்கு ஐந்து புள்ளி. குழம்பிப் பேசுகிறாரா, தெளிவாகப் பேசுகிறாரா என்பதற்கு ஒரு புள்ளி வித்தியாசம். தலைக்காயக்காரரை ஏ9 வழியே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கொழும்புக்கு ஏற்றிய காலத்தை யோசித்துப் பாருங்கள். தமிழில் முணுமுணுக்கும் ஆளிடம் தமிழ் தெரியாத ஒருவர் இரவுக் கடமையில் அந்தப் புள்ளியைப் போட்டால் அது எவ்வளவு சரியாக இருக்கும்? ஒரு புள்ளி இறங்கினால் அவசர ஸ்கேன், இறங்காவிட்டால் காலைவரை பார்ப்போம்.

இன்னொன்று, யுத்தம். தலையில் ஷெல் துண்டோடு வாழ்கிறவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். துளைத்த காயம் வேறு, மோட்டார் சைக்கிள் அடி வேறு. துளைத்த காயத்துக்குப் பல வருடம் கழித்தும் வலிப்பு வரும். வியட்நாமில் அடிபட்ட அமெரிக்கச் சிப்பாய்களைப் பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வலிப்பு வந்திருந்தது. எங்களவர்களுக்கும் அந்தச் சிப்பாய்களின் எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். (வீட்டில் அப்படி யாரும் இருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அனுப்பும்போது உள்ளே துண்டு இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரும்புத்துண்டை அந்தக் காந்தம் இழுக்கும்.)

வசதி குறைந்த இடத்தில் செய்த ஆய்வால் உலகமே பாடம் படித்ததும் உண்டு. மண்டைக்குள் அமுக்கமானியைச் செருகி எண்ணைப் பார்த்துச் சிகிச்சை செய்வதுதான் உயர்ந்த முறை என்று நினைத்திருந்தார்கள். பொலிவியாவிலும் ஈக்வடோரிலும் 324 பேரில் ஒப்பிட்டார்கள், 2012இல் வந்தது. அமுக்கமானி வைத்தவர்களுக்கும், ஸ்கேனையும் நோயாளியையும் ஒழுங்காகத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிகிச்சை செய்யப்பட்டவர்களுக்கும் ஆறு மாதத்தில் வித்தியாசம் இல்லை. கருவி வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. கவனமாகப் பார்க்கும் கண்ணுக்கு அவ்வளவு பெறுமதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பணக்கார நாட்டில் எல்லோருக்கும் கருவி போட்டுவிடுவார்கள், அங்கே இந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்திருக்காது.

சரி, தம்பி. மூன்று கிழமை, கண் திறக்கிறார், சொல்வது விளங்கவில்லை. இந்தக் கட்டத்தில் "இனி இவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு ஏற்றுக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் நடுத்தர, கடும் தலைக்காயக்காரரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2021இல் வந்தது. கடும் காயக்காரரில் இரண்டாம் கிழமையில் நல்ல நிலை என்ற கோட்டைத் தாண்டியிருந்தவர்கள் 12.4 வீதம்தான். பன்னிரண்டாம் மாதத்தில் அது 52.4 வீதம். அந்தக் கோடும் வீட்டுக்குள் தனியாகச் சமாளிப்பது என்ற அளவில்தான் போடப்பட்டது. இரண்டாம் கிழமையில் உணர்வின்றி இருந்தவர்களில்கூட 78 வீதம் பேர் ஒரு வருடத்துக்குள் உணர்வு திரும்பினார்கள். இடம், நாள், ஆள் தெரியும் அளவுக்கு வந்தவர்கள் நாலில் ஒருவர். அவர்களுக்குக் கிடைத்த பயிற்சிச் சிகிச்சை எங்களுக்குக் கிடைக்காது என்பதைக் கழித்துத்தான் பார்க்கவேண்டும். ஆனாலும் மூன்றாம் கிழமை என்பது தீர்ப்புச் சொல்லும் நேரமில்லை.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. யாராவது சிட்டிகோலின் வாங்கிக் கொடுக்கச் சொல்வார்கள். 1,213 பேரில் சோதித்து 2012இல் வந்த ஆய்வில் ஒரு பலனும் தெரியவில்லை. அந்தக் காசுக்கு நல்ல சாப்பாடும், படுக்கைப்புண் வராமல் இருக்க ஒரு நல்ல மெத்தையும் வாங்கலாம். அமன்ரடின் என்ற மாத்திரைக்கு மட்டும் ஓரளவு ஆதாரம் உண்டு. அடிபட்டு 4 கிழமையிலிருந்து 16 கிழமைக்குள், உணர்வு சரியாகத் திரும்பாதவர்கள் 184 பேரில் பார்த்தபோது, மருந்து எடுத்த காலத்தில் முன்னேற்றம் வேகமாக இருந்தது. மருந்து நிறுத்திய பிறகு இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்தன. வேகம் கிடைத்தது, கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பது மாறியதாகத் தெரியவில்லை. டொக்டரிடம் கேட்டுப்பார்க்கலாம், வற்புறுத்த வேண்டாம். வலிப்பு வராமல் இருக்கக் கொடுக்கும் பெனிற்றோயின் முதல் கிழமையில் வரும் வலிப்பைத்தான் தடுக்கிறது, பிறகு வருவதைத் தடுப்பதில்லை என்று 1990 இலேயே காட்டிவிட்டார்கள். ஆனாலும் கிளினிக் கொப்பியில் அது வருடக்கணக்காகத் தொடர்வதைப் பார்க்கிறோம். தம்பிக்கு அது போய்க்கொண்டிருந்தால் எவ்வளவு காலத்துக்கு என்று கேளுங்கள். ஏற்கெனவே வலிப்பு வந்திருந்தால் கதை வேறு; நீங்களாக நிறுத்தவே கூடாது.

வீட்டுக்கு வந்தபிறகு நடப்பதைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் காலை இழந்தவரை ஊருக்கு விளங்கும். செயற்கைக்கால் செய்து கொடுக்க ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது, பஸ்சில் எழும்பி இடம் கொடுப்பார்கள். தலைக்காயம் ஆறிய பொடியன் நடந்து வருவான், சிரிப்பான், ஊர் "தப்பிவிட்டான்" என்று சொல்லும். வீட்டுக்குள் அவன் சொன்னதையே சொல்வான், சட்டென்று கத்துவான், குளிக்க மறப்பான், காலையில் எழும்பி என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிலில் இருப்பான். சோம்பல், திமிர் என்று ஏசுவார்கள். மூளையின் முன்பகுதி அடிபட்டால் வருவது அது. அவனுக்கு எப்போது என்ன செய்வது என்று காட்டும் தினசரி அட்டவணையும், சத்தமில்லாத இடமும், ஒரு நேரத்தில் ஒரு வேலையும் வேண்டும். பராமரிக்கும் ஆளுக்கு ஓய்வும் வேண்டும். எல்லாவற்றையும் அம்மா தலையில் போடாதீர்கள், மச்சானின் காசு உண்மையில் உதவக்கூடிய இடம் இதுதான்: பகலில் சில மணித்தியாலம் உதவிக்கு ஓர் ஆள்.

நாளைக்கு வாட்டுக்குப் போகும்போது, எலும்பை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருப்பார்கள், அல்லது குளிரூட்டியில் வைத்திருப்பார்கள். எடுத்து எறிந்திருந்தால் பிறகு செயற்கைத் தகடு வேண்டும். திரும்ப வைப்பது எப்போது, அதுவரை அந்தப் பக்கமாகப் படுக்க வைக்கலாமா, எழும்பி நடக்கத் தொடங்கினால் தலைக்கு என்ன பாதுகாப்பு என்று எழுதி வாங்குங்கள். எலும்பில்லாத இடம் திடீரென்று புடைத்தாலோ, உள்ளே மிகவும் குழிந்து தலையிடியோ மயக்கமோ கூடினாலோ, சத்தியோ வலிப்போ வந்தாலோ, கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் கொண்டு போகவேண்டும். ஆய்வுப் படிவத்தில் கையெழுத்து வைப்பதாக முடிவெடுத்தால் இரண்டு நம்பர் கொடுங்கள்: ஒன்று அம்மாவுடையது, மற்றது ஊரை விட்டுப் போகப் போவதில்லை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒருவருடையது.